பயநீக்கியாரும் நைந்த கயிறும்

ஊரில் திடீரென்று தைரியசாலிகள் பெருத்துப்போனார்கள். ஊசி என்றாலே ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுகிறவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். எட்டு வருஷமாக லிஃப்டில் ஏறாத கணக்கு வாத்தியார் ஒருவர் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுபோனபோதும் அவருடைய சிரித்த முகம் மாறவில்லையாம். லிஃப்டைத் திறந்துவிட்ட மெக்கானிக் வேறு மாதிரி சொல்கிறார். ஆனால் மெக்கானிக்குக்கு விளம்பரம் செய்யத் தெரியாது.

விளம்பரம் செய்யத் தெரிந்தவர் பயநீக்கியார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த செருப்புக் கடையைக் காலி செய்து ‘பயநீக்க மையம்’ என்று பலகை மாட்டியவர். டாக்டர் போடுகிற வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். “நான் டாக்டர்னு எப்பவாவது சொன்னேனா?” என்று அவரே கேட்பார். அந்த அடக்கத்தைப் பார்த்தே பாதிப் பேர் மயங்கிவிடுவார்கள். காலை ஆறு மணிக்கே தெரு முனைவரை வரிசை. வரிசையில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் தள்ளுமுள்ளு. அந்தப் பயத்துக்கு மட்டும் உள்ளே மருந்தில்லை.

முறை ரொம்ப எளிது. முதலில் உதவியாளர் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுப்பார். வெளி அழுக்குப் போகக் கையை அழுத்தித் துடைக்க வேண்டும். எதிரே கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். கண்ணை மூடி, பயத்தின் பெயரை மனசுக்குள் மூன்று முறை சொல்லி, இரண்டு கையையும் முக்க வேண்டும். அவ்வளவுதான். நிறமே இல்லாத வெறும் தண்ணீர் கண்ணெதிரே சிவந்துபோகும்.

“பாத்தீங்களா? உள்ள இருந்தது வெளிய வந்துட்டுது!” என்பார் பயநீக்கியார்.

கூட்டம் ‘ஆ’ என்று வாயைப் பிளக்கும். போட்டோ ஒட்டி முத்திரை குத்திய ‘அச்சமற்றவர்’ அட்டை கைக்கு வரும். தத்தம் கிண்ணத்தைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். “எனக்கு உன்னைவிடச் சிவப்பு, தெரியுமா?” என்று அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன வீடுகள் உண்டு.

இந்தக் கதை அந்தக் கிண்ணத்தில் கை முக்கிய ஒருத்தியைப் பற்றியது. முக்கினாள் என்பதைவிட முக்கவைக்கப்பட்டாள் என்பதே சரி.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் எதுக்கக்கா. யார் எதைச் சொன்னாலும் முதலில் “எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். வேலை, பெரிய சலவை நிலையத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, விடுதித் துண்டு, சமையல்காரர்களின் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஊறவைக்கிற தொட்டி அவள் பொறுப்பு. பதினோரு வருஷம் சலவைச் சோடாத் தண்ணீரில் கிடந்து அவளுடைய உள்ளங்கை வெடித்து, வெடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

புருஷன் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவர். கண்ணாடிக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்று பலகையைக் கட்டித் தொங்குகிற கயிறு. இன்னொன்று, அது அறுந்தால் ஆளைப் பிடித்துக்கொள்கிற காவல் கயிறு. கணக்கு அப்படி. காண்ட்ராக்டரிடம் ஒன்பது ஆளுக்கு இருந்தது மூன்றே மூன்று காவல் கயிறு. தொங்கு கயிறுகளோ, எந்தக் காலத்தில் வாங்கியவை என்று காண்ட்ராக்டருக்கே மறந்துவிட்டது.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அதில் ஒன்று அறுந்தது. அறுந்த கயிற்றில் இருந்தவன் எதுக்கக்காவின் கூடப்பிறந்த தம்பி. வேலை முடிந்து கீழே வருகிற நேரம், இரண்டாம் மாடி உயரம். அதனால் உயிர் தப்பியது, இரண்டு காலும் தப்பவில்லை. இப்போது அக்கா வீட்டு முன்னறையில், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். கட்டிலிலிருந்து கீழே பார்த்தாலே வியர்க்கிறது அவனுக்கு. முழங்கால் உயரக் கட்டில்.

மற்ற எட்டுப் பேரும் புதுக் கயிறு வந்தால்தான் இனிமேல் ஏறுவோம் என்றார்கள். காண்ட்ராக்டர் உருகிப்போய்விட்டார். “உங்க பயம் எனக்குப் புரியுதுப்பா. நான் பாத்துக்கறேன்” என்றார். பார்த்துக்கொண்டார். பயநீக்கியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டணம் முழுக்கக் காண்ட்ராக்டரே கட்டினார். பதினாலு வருஷமாக ஒரு கையுறைகூட வாங்கித் தராத மனிதர் தன் கைக்காசைப் போட்டு முகாம் நடத்துகிறார் என்றதும், எட்டுப் பேருக்கும் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் பார்வை சரியாகத் தெரியாதுதானே.

முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் அடுத்துத் துடைக்க வேண்டிய இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. வீட்டுப் பெண்களும் வர வேண்டும் என்று உத்தரவு.

“பயம் தொத்து நோய். சோத்தைக் கட்டிக் குடுத்து ‘பாத்துப் போங்க’ன்னு சொல்றீங்களே, அங்க ஒட்டிக்குது!” என்றார் பயநீக்கியார். பெண்கள் குற்றவாளிகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“அறுந்தது கயிறுன்னு நினைக்கிறீங்க. இல்ல. மனசு அறுந்துது, அப்புறம்தான் கயிறு. காவல் கயிறு வேணும்னு எவன் கேக்கறானோ, அவன் விழப்போறோம்னு முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம். அந்தக் கயித்தைக் கட்டுற நிமிஷமே பயத்தைக் கூப்பிட்டு மடியில உக்கார வைக்கிறீங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். காண்ட்ராக்டர் கூடுதலாகத் தட்டினார்.

எதுக்கக்காவின் முறை வந்தது. துண்டில் கையைத் துடைத்தாள். கிண்ணத்தில் முக்கினாள். மற்றவர்களுக்கு இளஞ்சிவப்பாக வந்த தண்ணீர், அவளுக்கு ரத்தமாகச் சிவந்தது. கூட்டம் ஓரடி பின்னால் போயிற்று.

“இதோ, இங்கதான் இருக்கு மூலம்!” என்று பயநீக்கியார் கையை நீட்டினார். “இந்தம்மா வீட்டு ஆளுதான விழுந்தான்? விழாம என்ன செய்வான்?”

கண்ணாடிக்காரர் அவமானத்தில் தரையைப் பார்த்தார். அவளுக்கும் முகம் சுட்டது. ஆனால் அந்த அவமானத்துக்கு நடுவிலும் அவளுடைய கை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. தண்ணீர் வழவழவென்றிருந்தது. வெடிப்புகளில் சுரீர் என்று கடித்தது. நல்ல தண்ணீர் கடிக்காது. இது அவள் தினமும் கை விடுகிற தண்ணீர்.

“இதுல எதுக்குங்க சோடா போட்டிருக்கீங்க?” என்றாள்.

“பயம் பேசுது! இன்னும் கொஞ்சம் உள்ள மிச்சம் இருக்கு” என்றார் பயநீக்கியார். கூட்டம் சிரித்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

“நாலு பேருக்கு முன்னால மானத்தை வாங்கிட்டியே” என்றார் கண்ணாடிக்காரர்.

“மானம் போனா திரும்பி வரும். நீங்க கீழ போனா வருவீங்களா? நாளைக்கு இல்லாம அடுத்த திங்கக்கிழமை அந்த இருபத்திரண்டு மாடியில இறங்கணும். காவல் கயிறு கட்டுவீங்கதானே?”

“கட்ட மாட்டேன். அட்டை வாங்கினவங்க கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கட்டினா போன பயம் திரும்ப வந்துடுமாம்.”

“வரட்டுமே! பதினாலு வருஷமா ஏறுறதுக்கு முன்னாடி கயித்தை அடி அடியாத் தடவிப் பாத்துத்தான ஏறுவீங்க? யார் பாக்கச் சொன்னது? அந்தப் பயம்தான?”

“இப்ப எனக்குப் பயமே இல்ல.”

“அப்படியா? காண்ட்ராக்டர்கிட்டத் தனியாப் போய், புதுக் கயிறு குடுங்கன்னு இப்பக் கேட்டுட்டு வாங்க.”

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது… அவரு கோவிச்சுப்பாரு. வேலையை விட்டு நிறுத்திடுவாரு.”

“ஆக, போக வேண்டிய பயம் பத்திரமா இருக்கு. இருக்க வேண்டிய பயம் போயிடுச்சு. நல்லா எடுத்தாரு உங்க பயநீக்கியாரு!”

கட்டிலில் இருந்த தம்பி மெதுவாகச் சொன்னான். “மாமா, எனக்கு வந்த பயம் ஆகாத பயம்தான். கட்டில்ல இருந்து தரையைப் பாக்கவே நடுங்குது. அதை யாராவது எடுத்தா கும்பிடுவேன். ஆனா அன்னைக்குக் காலையில கயித்தைப் பாத்ததும் ஏறாதேன்னு ஒரு பயம் சொல்லுச்சு பாருங்க, அதைக் கேட்டிருந்தா இப்ப நடந்துட்டிருப்பேன்.”

கண்ணாடிக்காரர் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் ஏமாறுவதென்று முடிவு செய்தால், வீட்டில் எத்தனை பேர் கத்தினாலும் காதில் விழாது.

புதன்கிழமை, சலவை நிலையத்துக்கு ஒரு புது மூட்டை வந்தது. எல்லாம் வெள்ளைத் துண்டு. எதுக்கக்கா வழக்கம்போலச் சோடாத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கட்டையால் அழுத்தினாள். தொட்டி முழுக்கச் சிவந்தது.

“ஏம்மா, கண்ணு எங்க இருக்கு? எந்தச் சாயத்துணியைச் சேத்துப் போட்ட?” என்று மேற்பார்வையாளர் ஓடி வந்தார். “அத்தனையும் வெள்ளை. நாசம்!”

அவள் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தாள். சாயத்துணி ஒன்றுகூட இல்லை. சலவைக்காரர்கள் கடைசி அலசலில் சோடாவை முறிக்கப் புளிப்புத் தண்ணீர் விடுவார்கள். அதில் ஒரு குவளையை எடுத்து ஊற்றினாள். சிவப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எந்தச் சாயமும் இப்படிச் சொன்னபடி கேட்டு அவள் பார்த்ததில்லை. மூட்டையில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பினாள். ‘பயநீக்க மையம்’ என்றிருந்தது.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தொட்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மேற்பார்வையாளர் பயந்துபோனார். நனையாத துண்டு ஒன்று மூட்டையின் அடியில் கிடந்தது. அதை உதறினால் மாவு போல வெள்ளைத் தூள் பறந்தது. மடித்து எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நேரே மருந்துக் கடைக்குப் போனாள்.

மருந்துக் கடைக்காரம்மா வெள்ளை முடியும் தடித்த கண்ணாடியும் உள்ளவர். ஒரு தம்ளர் தண்ணீரில் சோடாவைக் கரைத்து, துண்டின் ஓரத்தை நனைத்தார். சிவந்தது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அட, இதுவா! முன்னெல்லாம் பேதி மாத்திரையில இதைத்தான் போடுவாங்க. இப்ப நிறுத்திட்டாங்க. பாத்தா வெள்ளையா இருக்கும். சோடாத் தண்ணி பட்டா சிவக்கும்.”

“பேதி மருந்தா?”

“ஆமா. யாரு குடுத்தா?”

“ஊருல எல்லாரோட பயத்தையும் எடுக்கிறவரு.”

மருந்துக் கடைக்காரம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. “பயத்துல பேதியாகும்னு கேட்டிருக்கேன். பேதி மருந்தை வெச்சுப் பயத்தை எடுக்கறது இப்பத்தாம்மா கேக்கறேன்.”

தன் கிண்ணம் ஏன் அப்படிச் சிவந்தது என்பதும் எதுக்கக்காவுக்குப் புரிந்தது. வழவழப்பான கையில் ஒட்டாத தூளெல்லாம் அவளுடைய வெடிப்புகளில் போய் உட்கார்ந்திருந்தது. வேலை செய்து வெடித்த கைதான் ‘எல்லாத்துக்கும் மூலம்’ என்று நாலு பேர் முன்னால் பெயர் வாங்கியிருக்கிறது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். “நீ அவர்மேல காழ்ப்புல பேசுற” என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தது. இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் எட்டுப் பேரும் நின்றார்கள். தரையில் பழைய கயிறுகள் சுருள் சுருளாகக் கிடந்தன. காவல் கயிறு ஒன்றையும் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. வேலையைத் தொடங்கிவைக்கப் பயநீக்கியார் கிண்ணத்தோடு வந்திருந்தார். வேடிக்கை பார்க்கக் கட்டடத்து அலுவலர்கள், தெருவில் போனவர்கள் என்று நூறு பேர். முதலில் இறங்க வேண்டியவர் கண்ணாடிக்காரர்.

எதுக்கக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நேரே பயநீக்கியார் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, மிச்சம் இருக்குன்னு சொன்னீங்களே. அதை எடுத்துவிடுங்க.”

பயநீக்கியாருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா, தானா தேடி வந்துட்டாங்க!”

உதவியாளர் நீட்டிய துண்டை வாங்கினாள். ஆனால் கையைத் துடைக்கவில்லை. ஓரமாக வாசல் கூட்டிக்கொண்டிருந்தவரின் துடைப்பத்தை வாங்கி, அதன் கட்டையைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். கிண்ணத்தில் முக்கினாள்.

தண்ணீர் சிவந்தது.

முன்வரிசை எட்டி எட்டிக் கிண்ணத்தைப் பார்த்தது. அப்புறம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“துடைப்பத்துக்கு என்னங்க பயம்? குப்பையைக் கண்டா பயமா?” என்றாள் எதுக்கக்கா.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஓடியிருப்பார்கள். பயநீக்கியார் தொழில் தெரிந்தவர். கண்ணை மூடித் திறந்தார். “தெனமும் எத்தனை பேர் கை பட்ட கட்டை அது! அத்தனை பேரோட பயமும் அதுல ஊறிக் கிடக்கு. இன்னைக்கு அந்தத் துடைப்பத்துக்கு விமோசனம்!”

கூட்டத்தில் பத்துப் பேர் ‘அடடா’ என்று தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் பட்டம் வாங்கியவர்கள்.

“சரிங்க. அப்ப பயத்துல வெலவெலத்துப்போன மனுஷனைத் துடைக்காம முக்கச் சொல்வோம்” என்றாள் அவள். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. உதவியாளரின் கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அருகில் இருந்த குழாயில் கழுவி, அடுத்த ஆளுக்கென்று அவர்களே நிரப்பிவைத்திருந்த புதுக் கிண்ணத்தில் முக்கினாள். தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் கை நடுங்கியதில் கிண்ணம்கூட ஆடியது. நிறம் மட்டும் மாறவில்லை.

“இவரு நடுங்கறாரு, சிவக்கல. துடைப்பம் நடுங்கல, சிவந்துடுச்சு. சங்கதி துண்டுல இருக்குங்க! தூள் தடவின துண்டு, சோடாத் தண்ணி. அந்தத் தூளு என்னன்னு தெரியுமா? பேதி மருந்து!”

‘அச்சமற்றவர்’ அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒருவர் அவசரமாகக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

காண்ட்ராக்டர் குறுக்கே வந்தார். “தண்ணி எப்படிச் சிவந்தா என்னம்மா? பசங்களுக்குத் தைரியம் வந்துச்சா இல்லையா? அதைப் பாரு. நேரமாகுது, ஏறுங்கப்பா!”

கண்ணாடிக்காரர் ஓரடி எடுத்துவைத்தார். பழக்கதோஷம். எதுக்கக்காவுக்கு உயிரே போய்விட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் குறுக்கே நின்றாள்.

“தைரியம்தான முக்கியம்? சரி. ஐயாவைவிடத் தைரியசாலி இங்க யாரு? அவரு முதல்ல ஏறட்டும். மேல வரைக்கும் வேண்டாம். அதோ, சாமான் இழுக்கிற கப்பி ரெண்டாம் மாடியில தொங்குது. என் தம்பி விழுந்த உயரம்தான். அதே பழைய கயிறு, அதே பலகை. உக்காரட்டும், இழுத்துவிடறோம்.”

“ஏறுங்க ஐயா!” என்றது கூட்டம். கூட்டத்துக்கு இது போதும். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தலையாட்டியவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். “காட்டுங்க ஐயா! பயமில்லன்னா என்னன்னு காட்டுங்க!”

பயநீக்கியார் காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, “ரெண்டு மாடிதானே, போயிட்டு வாங்க” என்றார். வேறு வழியில்லை. வெள்ளைக் கோட்டு பலகையில் உட்கார்ந்தது. கயிறு மேலே ஏறிக் கப்பியைச் சுற்றிவந்தது. நாலு பேர் மறுமுனையைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் யாரும் சொல்லாமலே அது நடந்தது. பயநீக்கியாரின் வலது கை தானாக எழுந்தது. தலைக்கு மேலே இருந்த கயிற்றைத் தொட்டது. அடி அடியாகத் தடவிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது. அந்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா! இங்க நைஞ்சிருக்கு! மூணு இழைதான் பிடிச்சிட்டிருக்கு. இதுலயா ஆளை ஏத்தறீங்க? உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா?”

எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த பலகை இன்னும் தரையை விட்டே கிளம்பவில்லை.

கண்ணாடிக்காரர் மெதுவாக நடந்துபோய், அந்த நைந்த இடத்தைத் தன் விரலால் தடவினார். இன்றைக்கு அவர் இறங்கியிருக்க வேண்டிய கயிறு அது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பயநீக்கியாரின் மடியில் வைத்தார். காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது.

“எனக்குப் பயமா இருக்குங்க. புதுக் கயிறு வாங்கிக் குடுங்க. ஆளுக்கு ஒரு காவல் கயிறும் வேணும்.”

“வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும். உயிரோட செய்யணும்.”

“எனக்கும் பயமா இருக்கு” என்றான் அடுத்தவன். “எனக்கும்.” “எனக்கும்.” எட்டு அட்டைகளும் பயநீக்கியாரின் மடியில் சேர்ந்தன. மனிதர் எழுந்திருக்க முயன்று, பலகையில் கால் மாட்டிக்கொண்டு, அவற்றோடு சேர்ந்து கீழே உட்கார்ந்தார். எதுக்கக்கா புருஷன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இருவருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பதினாலு வருஷத்தில் அந்த மனிதர் காண்ட்ராக்டரிடம் தானே முன்வந்து பேசிய முதல் முழு வாக்கியம் அது.

கூடியிருந்த நூறு பேரும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்ததால், புதுக் கயிறு அன்று மத்தியானமே வந்து சேர்ந்தது. காண்ட்ராக்டருக்கும் பயம் நல்லதே செய்தது.

பயநீக்க மையம் மூடிவிட்டது. ஊர் உருப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதே மனிதர் பக்கத்து நகரத்தில் ‘கோபநீக்க மையம்’ திறந்திருக்கிறார். அங்கே தண்ணீர் நீலமாகிறதாம். தொழிற்சாலை முதலாளிகள் தொழிலாளிகளைப் பேருந்து வைத்து அனுப்புகிறார்களாம், செலவு முழுக்க அவர்களுடையது. உங்களையும் யாராவது அப்படி அன்பாக ஏற்றிக்கொண்டு போனால், தாராளமாகப் போங்கள். கிண்ணத்தில் கையை விடுமுன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: கட்டணம் கட்டியவர் ஏன் தன் கையை முக்கவில்லை?